ஆலோசகரை மாற்றலாமா?

மதிப்பிற்குரிய அம்மா,

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எனக்கு 11 வயது. என் கையைப் பிடித்திருந்த தம்பியை அலை இழுத்துக்கொண்டு போயிற்று. நான்தான் கையை விட்டுவிட்டேன் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே நெஞ்சு படபடக்கிறது, அதே கனவு திரும்ப வருகிறது, என் மகனைக் கடற்கரைப் பக்கமே விடுவதில்லை. புதுச்சேரியில் ஓர் ஆலோசகரிடம் ஐந்து மாதம் போய்வந்தேன். அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் “நடந்ததை மறந்துவிடுங்கள்” என்றே முடித்தார். மாற்றமே இல்லை. என் மனம் தேறவே தேறாதா? வேறொருவரைத் தேடுவது அவருக்குச் செய்யும் துரோகமா?

— கடலூர் வாசகி

அன்புள்ள சகோதரி,

இத்தனை ஆண்டுகளாகத் தம்பியின் கையை மனத்துக்குள் பிடித்தபடியே வாழ்ந்திருக்கிறீர்கள். அதை மறக்கச் சொன்னது உதவாமல் போனதில் வியப்பில்லை. நீங்கள் எழுதியிருக்கும் கனவு, படபடப்பு, கடற்கரையைத் தவிர்த்தல், குற்றவுணர்வு ஆகியவை சேர்ந்து வரும்போது, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தப் பாதிப்பு இருக்கிறதா என்று நேரில் பரிசோதிக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவில் அதைத் தொடங்கலாம். பாதிப்பு உறுதியானால், அதிர்ச்சி நினைவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறையும் அதற்கு உண்டு. இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. முதலாவது முறையில், உங்களால் தாங்க முடிந்த அளவுக்கு அந்த நாளின் நினைவைச் சிறிது சிறிதாக அணுகி, 11 வயதுக் குழந்தையின் கைக்கு அந்த அலையை எதிர்க்கும் வலு இருந்திருக்குமா என்று சிகிச்சையாளரோடு சேர்ந்து பார்ப்பீர்கள். விலகியிருந்த கடற்கரைக்கும் படிப்படியாகத் திரும்புவீர்கள்.

புதியவரிடம் முதல் அமர்விலேயே கேளுங்கள்: பேரதிர்ச்சிக்கு எந்த முறையைக் கையாள்கிறீர்கள், அதில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா, முன்னேற்றத்தை எப்படி அறிவோம்? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு உண்டா என்பதையும் கேட்கலாம். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெண்கள் பலர் தயங்குவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர் உங்களுக்கு ஏற்றவர் அல்லர்.

பழைய ஆலோசகருக்கு நீங்கள் எந்தத் துரோகமும் செய்யவில்லை. விருப்பமிருந்தால் அவரிடமே சொல்லி, இதில் பயிற்சி உள்ளவரைப் பரிந்துரைக்கக் கேளுங்கள். அதுவரை, புயல் நாள்களின் இரவில் தாங்க முடியாமல் போனால், டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.