கார் வராத பாதையில் பிரான்ஸ்: சைக்கிள் பயணக் கேள்வி பதில்

பிரான்ஸ் கிராமப்புறத்தைச் சைக்கிளில் சுற்றுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான். அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். ஒன்று சொல்லிவிட வேண்டும், நான் பந்தயக்காரன் இல்லை. இரண்டு பக்கமும் பை, பின்னால் கூடாரம் என்று கட்டிக்கொண்டு நாளைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் போகிற ஆள். பதில்களும் அந்த வேகத்துக்குத்தான்.

கேள்வி: லுவார் நதியோரப் பாதை 900 கி.மீ. என்று வரைபடத்தில் பார்த்தேன். முழுவதையும் கார் தொல்லை இல்லாமல் ஓட்டலாமா?

முழுவதையும் முடியாது. எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். இங்கே இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ‘வுவா வேர்த்’ என்றால் பச்சைப் பாதை. மோட்டார் வண்டிக்கு அனுமதியே கிடையாது. நுழைவில் நீலச் சதுரப் பலகையில் நடப்பவர், சைக்கிள், சில இடங்களில் குதிரை உருவம் இருக்கும். ‘வேலோரூட்’ என்பது வெறும் வழிகாட்டிப் பலகை நட்ட தடம். அதற்குள் பச்சைப் பாதையும் வரும், கிராமச் சாலையும் வரும், ஊருக்குள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டுகிற பட்டையும் வரும். நெவேர் அருகே தொடங்கி அட்லாண்டிக் கரை வரை போகும் லுவார் பாதை இரண்டாவது வகை. அழகானதுதான், பெரும்பாலும் அமைதியானதுதான். ஆனால் கரைமேட்டில் ஓட்டும்போது பின்னால் ஒரு விவசாயியின் வேன் வந்தால் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொல்லக் கூடாது.

அசல் பச்சைப் பாதை கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, போன நூற்றாண்டில் மூடிய கிளை ரயில்தடம். இன்னொன்று, படகை இழுத்துச் செல்லும் குதிரை நடப்பதற்காகக் கால்வாய்க் கரையில் போட்ட பாதை. வரைபடத்தில் எல்லாமே ஒரே நிறக் கோடாகத் தெரியும். கோட்டுக்கு அடியில் இருப்பது தண்டவாளமா, கால்வாயா, சாலையா என்று முதலில் பாருங்கள். நீளத்தை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: முதல் முறையாகப் பை கட்டி ஓட்டப்போகிறேன். மூன்று நாள் இருக்கிறது. ஒரே ஒரு பாதை சொல்லுங்கள் அண்ணா.

கிழக்கு பிரான்ஸில் இருக்கிற பர்கண்டி வட்டாரத்துக்குப் போய்விடு தம்பி. ஷாலோன் நகரிலிருந்து மாக்கோன் வரை ஏறக்குறைய 70 கி.மீ., பெரும்பகுதி பழைய ரயில்தடம். இதில் ழிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே உள்ள 44 கி.மீ. 1997இல் திறந்தது. பிரான்ஸின் முதல் பச்சைப் பாதை அதுதான். தார் வழவழவென்று இருக்கும். திராட்சைத் தோட்டம் ஒரு பக்கம், வெள்ளை மாடு மேய்கிற புல்வெளி இன்னொரு பக்கம். நடுநடுவே பழைய ஸ்டேஷன் கட்டடங்கள், பெயர்ப்பலகை மாறாமல் நிற்கும்.

ரயில்தடத்தில் ஒரு சௌகரியம் உண்டு. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் சரிவு மூன்று சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். மேடு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ‘ஏன் இன்று கால் இப்படி வலிக்கிறது’ என்று யோசிக்கும்போது பத்து கிலோமீட்டராக மெதுவாக ஏறிக்கொண்டிருந்திருப்போம். திரும்பிப் பார்த்தால்தான் புரியும்.

க்ளூனியில் ஓர் இரவு தங்கு. 910இல் தொடங்கிய மடாலயம், இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான், அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கும். அதற்குத் தெற்கே புவா-க்ளேர் சுரங்கம், 1,600 மீட்டர். வெயில் காலத்தில்கூட உள்ளே நுழைந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி குளிர் முகத்தில் அடிக்கும், ஜாக்கெட்டைப் பையின் மேலாக வைத்துக்கொள். எங்கோ சொட்டுகிற தண்ணீர்ச் சத்தமும் நம் சங்கிலிச் சத்தமும்தான் துணை.

குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக இந்தச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மார்ச் மாதம் போய்க் கதவின் முன் நின்றவன் நான். பக்கத்துக் கணவாய்ச் சாலையில் மூச்சு வாங்க ஏறி, பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். வௌவால் மேல் கோபப்பட்டு என்ன பயன், அது அங்கே எனக்கு முன்னாலிருந்தே குடியிருக்கிறது.

கேள்வி: தென் பிரான்ஸில் துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் ‘கால்வாய் த்யு மிதி’ (மிதி கால்வாய்) முழுவதையும் ஓட்ட ஆசை. என்னிடம் இருப்பது 28 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக். போதுமா?

துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. வரை போதும். மாகாண எல்லை வரை தார் போட்டிருக்கிறார்கள். நோரூஸ் மேட்டுக்குப் பக்கத்தில் அந்த வசதி முடிந்துவிடும். அங்கேதான் இந்தக் கால்வாயின் சூட்சுமமும் இருக்கிறது. மலையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் அட்லாண்டிக் நோக்கியும் மறுபக்கம் மத்தியதரைக் கடல் நோக்கியும் ஓடும். பியேர்-போல் ரிக்கே என்ற உப்பு வரி வசூலிப்பவர் போட்ட கணக்கு அது. 1666இல் வேலையைத் தொடங்கினார், 1681இல் கால்வாய் திறப்பதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனார். தண்ணீர் பிரியும் இடத்தில் ஐந்து நிமிடமாவது இறங்கி நில்லுங்கள்.

அதற்கு அப்புறம் மண், சரளை, சில இடத்தில் ஒற்றையடித் தடம். கர்கசோன் தாண்டினால் மரவேர்கள். கைப்பருமன் வேர் தடத்தின் குறுக்கே வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க, பையின் கொக்கி துள்ளித் துள்ளித் தளரும். என்னுடைய இடது பக்கப் பையின் கொக்கி அப்படித்தான் உடைந்தது. பை உருண்டு தண்ணீர் ஓரம் ஒரு முழம் தள்ளி நின்றது. பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது. அன்றிலிருந்து பாஸ்போர்ட் முன் பையில், பின் பைகளுக்குக் கூடுதலாக ஒரு ரப்பர் கயிறு. டயர் 38 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், 42 என்றால் இன்னும் நல்லது. மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. அந்த மாதிரி நாளில் பிடிவாதம் பிடிக்காமல் ரயிலேறிவிடுங்கள்.

இன்னொன்று. புகைப்படங்களில் பார்த்த மரநிழல் பல இடங்களில் இப்போது இல்லை. 2006இல் இங்கே கண்டுபிடித்த ஒரு பூஞ்சை நோய், கரையிலிருந்த சுமார் 42,000 ப்ளேன் மரங்களுக்கு எமனாக வந்தது. நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. வேறு வகைக் கன்றுகளை நட்டு வருகிறார்கள், நிழல் தர வருடங்கள் ஆகும். ஜூலையில் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ரோடு பைக்கோடுதான் போவேன் என்றால் துலூஸிலிருந்து எதிர்ப்பக்கம் திரும்புங்கள். கரோன் கால்வாய், 193 கி.மீ., ஏறக்குறைய முழுவதும் தார். முவாசாக் மடாலயம், அழான் ஊரில் நதிக்கு மேலே கால்வாயைத் தூக்கிச் செல்லும் 500 மீட்டருக்கு மேல் நீளமான கல்பாலம் எல்லாம் வழியில். போர்தோ போகும் ரயில்பாதை கூடவே வருவதால் களைத்தால் அடுத்த ஸ்டேஷனில் ஏறிவிடலாம். பேரில் மிதி கால்வாய் பெரிது, ஓட்டுவதற்கு கரோன்தான் சுகம். இதை மிதி கால்வாய் ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினொரு வயது. கால்வாய்க் கரை பாதுகாப்பா?

சின்னப் பிள்ளைகள் என்றால் ரயில்தடத்தையே சொல்வேன். கால்வாய்க் கரையில் தடுப்புச் சுவர் கிடையாது. பிள்ளை படகைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினால் நேரே தண்ணீர்தான்.

உங்களுக்கு வீட்டு வாசலிலேயே நல்ல பாதை இருக்கிறது. நியூஹேவனில் கப்பலேறினால் நான்கு மணி நேரத்தில் தியெப். ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் ஆர்க்-லா-பத்தாய் என்ற இடத்தில் பச்சைப் பாதை தொடங்கி, ஃபோர்ழ்-லேஸ்-ஓ வரை 45 கி.மீ. போகிறது. லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் சைக்கிள் தடத்தின் ஒரு துண்டு அது. நடுவில் நஃப்ஷாத்தெல் ஊர், இதய வடிவப் பாலாடைக்கட்டிக்குப் பேர் போனது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாலை குறுக்கிடும் இடத்தில் மட்டும் பெரியவர் ஒருவர் முன்னால் போய் நிற்கட்டும். கார் நுழையாமல் அங்கே வைத்திருக்கும் வளைந்த தடுப்புக் கம்பிகளில் பெரியவர்களின் பைதான் முதலில் சிக்கும். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், ஆக இரண்டு பிள்ளைகளுக்கும் தேவை.

கேள்வி: மழை பரவாயில்லை, கூட்டம்தான் வேண்டாம். எங்கே போகலாம்?

வடமேற்கு மூலையில் இருக்கும் பிரெத்தாஞ் வட்டாரம். அங்கே நான்த்–ப்ரெஸ்த் கால்வாய், 364 கி.மீ. ஆங்கிலேயக் கப்பல்கள் ப்ரெஸ்த் துறைமுகத்தை அடைத்துக்கொண்டதால் உள்நாட்டு வழியாகச் சரக்கு அனுப்ப நெப்போலியன் ஆரம்பித்த வேலை. முடிந்தது 1842இல், அதற்குள் அவரும் இல்லை, அந்தப் போரும் இல்லை. அப்புறம் கெர்லேதான் அணை கட்டி நடுவில் ஒரு துண்டை மூழ்கடித்துவிட்டார்கள், அங்கே ஏரியைச் சுற்றிப் போக வேண்டும். தரை அழுத்திய நுண்சரளை. 35 மி.மீ. டயர் தாராளம். மதகுக்கு மதகு பழைய காவலர் வீடு. ழோஸ்லானில் கோட்டையின் மூன்று கோபுரங்கள் நீரில் தலைகீழாகத் தெரியும். அக்டோபரில் அரை நாள் ஓட்டி நான் பார்த்தது இரண்டு நாய், ஒரு தூண்டில்காரர்.

கேள்வி: எந்தத் திசையில் ஓட்டுவது?

காற்றைக் கேளுங்கள். லுவாரில் பெரும்பாலும் மேற்குக் காற்று, அதனால் கடலில் தொடங்கிக் கிழக்கே வாருங்கள். ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்த்ரால் என்ற பலத்த காற்று வடக்கிலிருந்து அடிக்கும், எதிர்த்து ஓட்டினால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அங்கே தெற்கு நோக்கித்தான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கிராமத்தில் என்ன சாப்பிடுவது?

இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஓட்டலில் ‘வியாந்த்’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், ஹாம் தூவிய சாலட் வரலாம். பலருக்கு அவை அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ‘லார்தோன்’ என்ற பன்றித் துண்டுகள் கீரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுங்கள். பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள், அதையும் பார்ப்பவர் என்றால் கவனம்.

சின்ன அடுப்பு ஒன்று கூட வந்தால் கவலையே இல்லை. என் ராத்திரிச் சாப்பாடு இது: கூஸ்கூஸ் ஒரு குவளை, மேலே கொதிநீர், மூடி ஐந்து நிமிடம். தக்காளி, டின் கொண்டைக்கடலை, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடி, ஆலிவ் எண்ணெய். கிளறினால் உப்புமாவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். கடைகள் பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்தும், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊரே உறங்கும், திங்களன்று பல ரொட்டிக்கடைகளுக்கு விடுமுறை. சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சைக்கிளை ரயிலில் ஏற்றுவது எப்படி?

வட்டார ரயிலான தெஎர் பெரும்பாலும் இலவசம், அப்படியே உருட்டி ஏற்றலாம். கோடையில் சில வட்டாரங்களில் முன்பதிவு கேட்பார்கள். அதிவேக ரயிலில் சிலவற்றில் மட்டும் கொக்கி இடம், அதற்குத் தனிச் சீட்டு. இல்லையென்றால் கழற்றி 130-க்கு 90 செ.மீ. பைக்குள் போட வேண்டும். நான் பேசாமல் இரண்டு தெஎர் மாறிப் போய்விடுவேன்.

கேள்வி: பெண், தனியாகப் போகலாமா?

என் தங்கை போயிருக்கிறாள், அவள் சொன்னதையே சொல்கிறேன். கிராமத்தில் பயமில்லை. பெரிய நகரத்தின் ஓரத்தில், பாலத்துக்கு அடியில் கால்வாய்ப் பாதை போகிற துண்டுகளை இருட்டும் முன் தாண்டிவிட வேண்டும். தங்க நகராட்சி முகாம்தளம் நல்லது, வாடிக்கையாக வருகிற முதிய தம்பதிகள் யாராவது கண் வைத்துக்கொள்வார்கள். விடுதி என்றால் ‘அக்கேய் வேலோ’ முத்திரையைத் தேடுங்கள். அது பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவியும் தருவார்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது, முழங்கால் வலி. மின்சார சைக்கிள் பச்சைப் பாதையில் விடுவார்களா?

விடுவார்கள் ஐயா. மிதிக்கும்போது மட்டும் உதவி, 250 வாட், 25 கி.மீ. வேகத்தோடு மோட்டார் நின்றுவிட வேண்டும். அந்த வரம்புக்குள் இருந்தால் சட்டப்படி அது சைக்கிள்தான். சார்ஜரைப் பையின் அடியில் புதைக்காதீர்கள், மதியம் சாப்பிடும் இடத்தில் கேட்டால் செருக விடுவார்கள்.

கேள்வி: வழியில் குடிக்கத் தண்ணீர் எங்கே பிடிப்பது?

கல்லறைத் தோட்டத்தில். சிரிக்காதீர்கள், இங்கே சைக்கிளில் சுற்றுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். பூச்செடிக்கு ஊற்றுவதற்காகச் சுவரோரம் ஒரு குழாய் இருக்கும், அநேகமாக ஊர்க் குடிநீரே வரும். ‘நோன் பொத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. முதல் தடவை தயங்கித் தயங்கிப் பாட்டிலை நீட்டினேன். பக்கத்தில் கல்லறை துடைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்து, “அந்தக் குழாய் மெதுவாக வரும், வாசல் பக்கம் இருப்பதில் பிடி” என்றார்.