கட்டிடம் எழும்பிவிடும், இரவில் யார் நிற்பது?

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த இடம் முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் ஊரில் ஒரு வயோதிபர் இல்லம் கட்டுவதற்குக் காசு சேர்க்கிறது. இருபது பேர் தங்கும் அளவுக்கு வரைபடமும் கீறியாகிவிட்டது. போன கூட்டத்தில் "கட்டி முடித்த பிறகு யார் பார்ப்பது?" என்று கேட்டேன். "அங்கே பிள்ளைகள் வேலையில்லாமல்தானே இருக்கிறார்கள், அவர்கள் பார்ப்பார்கள்" என்றார் ஒருவர். இன்னொருவர், "இல்லம் என்று ஒன்று இருந்தால் பெற்றோரைக் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள், நம் பண்பாட்டுக்கு அது சரிவராது" என்றார். இங்கே எவ்வளவு காசு கொட்டியும் ஆள் போதாமல் நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அங்கே இது நடக்குமா? அரசாங்கம் உதவுமா, சட்டம் என்ன சொல்கிறது? அடுத்த வருடம் இரண்டு மாதம் லீவு எடுத்து வந்து ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

க., ஸ்காபரோ

அன்புள்ள க.,

கூட்டத்தில் நீங்கள் கேட்டதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்குக் கிடைத்த பதிலைத்தான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். கூட்டங்களில் சீமெந்துக்கும் கம்பிக்கும் கணக்குப் போடுவார்கள், சம்பளத்துக்குப் போடமாட்டார்கள். நான் போட்டுத் தருகிறேன்.

இருபது பேர், அதில் பாதிப்பேர் எழுந்து நடமாடக்கூடியவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். காலையில் இரண்டு பேர், பின்னேரம் இரண்டு பேர், இரவில் ஒருவர். எட்டு மணித்தியாலப்படி ஒரு நாளைக்கு ஐந்து வேலைமுறை, கிழமைக்கு முப்பத்தைந்து. ஒருவர் கிழமைக்கு ஐந்தரை நாள் வேலை செய்தால், காய்ச்சல், லீவு, செத்தவீடு, கோயில் திருவிழா எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டியது 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஆக ஒருவருக்கு 34,500 ரூபாய். ஏழு பேருக்கு மாதம் 241,500, வருடத்துக்கு 29 இலட்சம். சமையல்காரர், துப்புரவுக்கு ஆள், பொறுப்பாளர், சாப்பாடு, மருந்து, பம்பர்ஸ், கரண்ட் பில் எதுவும் இதில் இல்லை.

இந்த ஐந்து வேலைமுறையும் ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலப் பராமரிப்புத்தான். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2021இல் கொண்டுவந்த சட்டம் சராசரி நான்கு மணித்தியாலத்தை இலக்காக வைத்தது. அதற்கு முதல் வருடம், கொரோனா நேரம், ஆள் இல்லாமல் போன இல்லங்களுக்குள் இராணுவத்தை அனுப்பி, அவர்கள் உள்ளே கண்டதை அறிக்கையாக எழுதியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அங்கே கட்டிடம் இருந்தது, நிற்கத்தான் ஆள் போதவில்லை.

இனி "வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள்". கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ் வந்து இளம் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த வேலையில் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் இரவில் தனியாக ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்கவைக்கத் தேவையில்லை. பராமரிப்பாளர் பயிற்சி எடுத்து என்.வி.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வாங்கிய பிள்ளையோ இஸ்ரேலையும் ஜப்பானையும் பார்க்கிறது. ஜப்பானுடன் 2019இல் இலங்கை செய்த உடன்பாட்டில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. 2022 பொருளாதார நெருக்கடி வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். டெல் அவிவில் ஒரு பாட்டியைப் பார்த்தால் குடும்பமே எழும்பிவிடும் என்னும்போது, விசுவமடுவில் முப்பதாயிரத்துக்கு நில் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நீங்களும் போனவர்தானே. கோபிக்கவேண்டாம், போனது சரி என்றுதான் சொல்கிறேன்.

எனவே இளம் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் போவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே திட்டம் போடவேண்டும். அவர்கள் வந்து பழகி, சான்றிதழோடு போகட்டும். அடுத்த தொகுதி வரட்டும். நிலையாக நிற்கக்கூடியவர்கள் வேறு. நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். வன்னியில் யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே கொண்டுபோகும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். மாமியாரை, தாயை, காலிழந்த தம்பியைப் பல வருடமாகத் தூக்கிக் குளிப்பாட்டிய கைகள் அவை. படிப்புச் சான்றிதழ் இல்லை. ஆனால் ஏற்கெனவே கைவந்த திறமையைப் பரீட்சித்து என்.வி.கியூ. கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது, வகுப்பில் மாதக்கணக்காக உட்காரவேண்டியதில்லை. சங்கம் அந்தச் செலவைக் கட்டி, சான்றிதழ் வாங்கியதும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால், ஆள் நிற்கும்.

இரண்டு சின்ன விஷயம், வரைபடம் கீறுபவர்கள் யோசிக்காதவை. ஒன்று, இரவு வேலை முடிந்தோ தொடங்கவோ ஒரு பெண் எப்படி வந்து போவாள்? ஒட்டுசுட்டான் பக்கம் இருட்டினால் றோட்டில் யானை நிற்கும், பஸ் இல்லை. இல்லத்திலேயே படுக்க ஒரு அறையோ ஒரு ஓட்டோ ஒழுங்கோ இல்லாமல் இரவு ஆள் கிடைக்காது. மற்றது, ஆண்கள். வாழ்நாள் முழுக்க வேட்டியை மடித்துக்கட்டி வயலில் நின்ற மனிதர், மகள் வயதுப் பெண் குளிப்பாட்ட விடமாட்டார். மூன்று நாள் குளிக்காமல் இருப்பார், பிறகு புண் வரும். ஏழு பேரில் இரண்டு பேராவது ஆண்களாக இருக்கவேண்டும். இந்த வேலைக்கு ஆண்களைக் கேட்கவே நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

பண்பாடு பேசியவருக்கு ஒரு பதில். "குடும்பம் பார்க்கும்" என்றால் நடைமுறையில் யார் பார்ப்பது? கல்யாணம் ஆகாத மகள், இல்லாவிட்டால் கணவன் இல்லாத மகள். அவளுக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. கூட்டத்தில் பண்பாட்டைப் பற்றிப் பேசும் அண்ணன்மார் இரவில் எழும்பித் தாய்க்குப் பம்பர்ஸ் மாற்றியவர்கள் என்றால் நான் எழுந்து நின்று கேட்கத் தயார். அதோடு, வன்னியில் "பிள்ளைகள் பார்க்கட்டும்" என்பதே பலருக்குப் பொருந்தாத பேச்சு. பிள்ளைகள் முள்ளிவாய்க்காலில் செத்துப்போனார்கள், அல்லது இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டுத் திரும்பி வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரில் பலர் இப்போது உயிரோடு இல்லை. இருப்பவர்களுக்கு முதுமை வந்து கூடிவிட்டது.

சட்டம் கேட்டீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. தேசிய முதியோர் சபையும் செயலகமும் அதன்படி வந்தவை. முதியோருக்குச் சேவை நடத்தும் நிறுவனங்கள் பதியவேண்டும் என்பதும் அதில்தான். பெற்றோரைக் கைவிட்ட பிள்ளையிடமிருந்து பராமரிப்புச் செலவு கேட்டு ஒரு சபையில் முறையிடலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அது உயிரோடு, நாட்டில், சம்பாதிக்கும் பிள்ளை ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டது. பிள்ளை காணாமல் போயிருந்தால் யார்மேல் முறையிடுவது? கனடாவில் இருந்தால் யார் கட்டளை அனுப்புவது?

காசு உதவி என்றால், வருமானம் குறைந்த குடும்பங்களில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கான கொடுப்பனவு 2025இல் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கிளினிக்குக்கு ஓட்டோவில் நாலு தரம் போய்வந்தால் முடிந்துவிடும்.

பொறுப்பு யாரிடம் என்பது இன்னும் சிக்கல். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி சமூக சேவை மாகாணத்துக்குரியது. முதியோர் செயலகம் மத்தியில். ஒரே பிரதேச செயலகத்தில் மாகாணத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஒரு மேசையில், மத்தியின் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இன்னொரு மேசையில். வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரோடு காலம் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்தான் எல்லாம். முல்லைத்தீவுக்கு எத்தனை பராமரிப்பாளர் வேண்டும் என்று திட்டம் போட்டு, அதற்காக வாக்காளரிடம் பதில் சொல்லவேண்டிய ஒரு மந்திரி கூட நமக்கு இல்லை. இருப்பது 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபைகள். அவர்களுக்கு வீதி விளக்கும் குப்பையும்தான் வேலை என்று நாமும் நினைக்கிறோம், அவர்களும் நினைக்கிறார்கள். கேரளத்தில் அப்படி நினைக்கவில்லை. 1990களில் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பராமரிப்பு வேலை, 2008இல் அரசுக் கொள்கையாகி, பஞ்சாயத்துக் காசில் தாதி வீடு வீடாகப் போகும் அளவுக்கு வளர்ந்தது. அக்கம்பக்கத்தார் முறைவைத்துத் துணை போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் தன் வீட்டிலேயே, தன் மாமரத்தைப் பார்த்தபடி கிடக்கிறார்.

நானாக இருந்தால் உங்கள் சங்கத்துக் காசை அந்த வழியில்தான் போடுவேன். கட்டிடத்துக்கு ஒதுக்கியதில் பெரும்பங்கை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு, வட்டியில் நான்கு பேருக்குச் சம்பளம். அவர்கள் இரண்டிரண்டு பேராக ஸ்கூட்டியில் வீடுகளுக்குப் போகட்டும்: புண்ணுக்கு மருந்து கட்ட, சிறுநீர்க் குழாய் (கதீற்றர்) பார்க்க, குளிப்பாட்ட, கிளினிக் கொப்பியைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொடுக்க. பகலில் கூடி இருக்க ஊரில் சும்மா பூட்டிக்கிடக்கும் பொதுநோக்கு மண்டபம் போதும். மிச்சக் காசில் மலசலகூடங்களைத் திருத்துங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் பலதில் கக்கூஸ் வெளியே, இரண்டு படி ஏறி, குந்தி இருக்கவேண்டியது. மழை இரவில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்த கதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறது. ஒரு கைபிடிக் கம்பி, ஒரு கொமேட் கதிரை, ஒரு லைட். இதற்கெல்லாம் பெயர்ப்பலகை வைத்து நாடா வெட்ட முடியாது என்பதுதான் சங்கத்துக்குக் கஷ்டமாக இருக்கும்.

இல்லமே வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருமே இல்லாமல் தனிக்குடிசையில் எழும்ப முடியாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவர்களுக்குப் போதாது. வீடு வீடாகப் போகும் அந்த நான்கு பேரும் ஒரு வருடத்தில் அப்படி எத்தனை பேர் என்று பெயர் பெயராகச் சொல்லிவிடுவார்கள். ஆறு பேராக இருக்கலாம், பன்னிரண்டாக இருக்கலாம். அப்போது அந்த அளவுக்குக் கட்டுங்கள். காணியை மட்டும் இப்போதே பாருங்கள். இங்கே நிறையக் காணி அனுமதிப்பத்திரக் காணி, அரசுக்குரியது. ஒருவர் நல்ல மனதோடு "என் காணியில் கட்டுங்கள்" என்று சொன்னால் அது போதாது.

தலைமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் பல முயற்சிகள் விழுகின்றன. தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், செயலாளர் கோயில் பரிபாலன சபையில் இருப்பவர், பொருளாளருக்கு வேறு மூன்று சங்கம். நல்ல மனிதர்கள். மாதத்தில் ஒரு நாள் கூடுவார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு ஆச்சிக்கு மூச்சு வாங்கினால் வாகனம் பிடிக்க ஐயாயிரம் ரூபாய் எடுக்கும் அதிகாரம் அங்கே நிற்கிற பெண்ணுக்கு இருக்காது. தலைவருக்குப் போன் அடிப்பாள், தலைவர் கனடாவுக்கு அடிப்பார், அங்கே அது காலையில் வேலைக்கு ஓடும் நேரம். சம்பளம் வாங்கும் முழுநேரப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர் என்றால் மிக நல்லது. இவ்வளவு தொகை வரைக்கும் யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், ஆளை எடுக்கலாம், நிறுத்தலாம் என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். கொமிற்றி கணக்கைப் பார்க்கட்டும். வாட்ஸப் குழுவில் எட்டு நாட்டிலிருந்து வரும் கட்டளைகளுக்கு அவர் பதில் சொல்லவேண்டியதில்லை என்பதையும் அதே கடதாசியில் எழுதுங்கள்.

நீங்கள் வருவது மிக நல்லது, கட்டாயம் வாருங்கள். ஓகஸ்ட் வேண்டாம், விருந்தினராக்கிவிடுவார்கள். நவம்பர், டிசம்பரில் மழை, பாதி ஒழுங்கைக்குள் போக முடியாது. பெப்ரவரி, மார்ச் சரி. ஆளைத் தூக்கும்போது இடுப்பு போகாமல் தூக்குவது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டுவது, விழுங்கக் கஷ்டப்படுபவருக்குச் சாப்பாடு கொடுப்பது, மறதி வந்தவர் திட்டும்போது என்ன செய்வது: உங்களுக்குத் தினப்பாடாக இருப்பதெல்லாம் இங்கே யாரும் சொல்லிக்கொடுக்காதவை. உங்கள் இல்லத்து மின்தூக்கி இங்கே இருக்காது. பெட்சீட்டை மடித்துத் தூக்கும் முறை தெரியுமென்றால் அதைப் பழகிக்கொண்டு வாருங்கள். வருவதற்கு முதல் பிரதேச செயலகத்தில் அந்த இரண்டு மேசைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் நேரில் போய் நினைவூட்டுகிறேன்.

மேலே போட்ட சம்பளக் கணக்கை அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசியுங்கள். யாராவது "தொண்டர்களை வைத்துச் செய்யலாமே" என்று சொன்னால், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை, கிழமையில் ஐந்து நாள் நிற்கும் தொண்டரின் பெயரை அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.