ஃபோர்டு கொடுத்த மாட்டின் பல்

கேள்வி: எட்டு மணி நேர வேலை, நாளுக்கு 5 டாலர் கூலி, வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை எல்லாம் ஹென்றி ஃபோர்டு தாமாகவே கொடுத்தவை. தன் தொழிலாளி தன் காரை வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்ட முதலாளி அவர். கொடி பிடித்து, வேலை செய்யாமல் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கச் சங்கங்கள் சாதித்தது என்ன? நல்ல முதலாளி வாய்த்தால் சங்கம் எதற்கு?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம்தானா என்பதே சந்தேகமாக இருப்பதால் பார்த்துவிடலாம்.

1914 ஜனவரி 5 அன்று ஃபோர்டு அப்படி அறிவித்தது உண்மை. அதுவரை 9 மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட். இனிமேல் 8 மணி நேரத்துக்கு 5 டாலர். செய்தி கேட்டு ஹைலண்ட் பார்க் ஆலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் வேலை கேட்டுக் குவிந்தார்கள். ஒரு வாரம் கழித்து, கூட்டம் கட்டுக்கடங்காமல் போனபோது குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் கலைத்தார்கள். டெட்ராய்ட்டில் ஜனவரி மாதம் என்றால் தண்ணீர் மேலே பட்டதும் உறையும்.

சரி, ஏன் கொடுத்தார்? முந்தைய ஆண்டுதான் அங்கே அசெம்பிளி லைன் ஓடத் தொடங்கியிருந்தது. தொழில் தெரிந்த ஃபிட்டர், நாள் முழுக்க ஒரே ஒரு போல்ட்டை முடுக்குகிறவர் ஆனார். சங்கம் இல்லாத ஊரில் தொழிலாளிக்குத் தெரிந்த ஒரே வேலைநிறுத்தத்தை அவர்கள் செய்தார்கள்: சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். சுமார் 14,000 பேர் வேலை பார்க்கும் ஆலைக்கு 1913-இல் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோரை எடுக்க வேண்டியிருந்தது. இன்று பழக்கிய ஆள் அடுத்த வாரம் இல்லை. 5 டாலர் அந்த ஓட்டையை அடைத்த பணம். வேலை நேரம் குறைந்ததிலும் கணக்கு உண்டு. 9 மணி நேர ஷிஃப்ட் இரண்டு ஓடிய இடத்தில் 8 மணி நேர ஷிஃப்ட் மூன்று ஓடும்; இயந்திரம் தூங்காது.

கார் வாங்கத்தான் கூலி என்ற கதையைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்த வருஷம் ஃபோர்டு விற்ற கார்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அத்தனை தொழிலாளியும் வருஷத்துக்கு ஒரு கார் வாங்கினாலும் நூற்றுக்கு ஏழு தேறாது. தன் கூலியை வைத்துத் தன் கடையை நடத்தும் அளவுக்கு அவர் கணக்கு தெரியாதவர் இல்லை.

அந்த 5 டாலரும் முழுக் கூலி இல்லை. ஏறக்குறைய பாதி கூலி, மீதி ‘லாபப் பங்கு’. பங்கு வேண்டுமானால் ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், குடும்பஸ்தனாகவோ ஒழுக்கசீலனாகவோ இருக்க வேண்டும். அதைச் சோதிக்க ‘சமூகவியல் துறை’ என்று ஒன்று. அதன் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டில் வேற்றாளைக் குடிவைத்திருக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா? பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். தேறாதவனுக்குப் பங்கு நிறுத்தம். பெண் தொழிலாளர்களுக்குத் தொடக்கத்தில் பங்கே கிடையாது.

எட்டு மணி நேரம் அவர் கண்டுபிடித்ததும் அல்ல. அதைக் கேட்டு 1886 மே 1 அன்று அமெரிக்கா முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. சிகாகோவில் அதன் தொடர்ச்சியாக நான்கு பேர் தூக்கிலேறினார்கள். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது அந்த நினைவில்தான். 1926-இல் ஃபோர்டு வாரம் ஐந்து நாள் வேலை கொண்டுவந்தார், மறுக்கவில்லை. நாற்பது மணி வாரமும் அதற்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலியும் நாட்டுக்குச் சட்டமாக வர 1938 ஆனது.

‘நல்ல முதலாளி’ என்கிறீர்களே, அவரைப் பஞ்ச காலத்தில் பார்க்க வேண்டும். 1929 கடைசியில், பங்குச்சந்தை சரிந்த கையோடு, கூலியை 7 டாலராக உயர்த்திக் கைதட்டல் வாங்கினார். 1931-இல் அது 6 ஆனது. 1932-இல் 4. பதினெட்டு வருஷத்துக்கு முன் கொடுத்ததைவிட ஒரு டாலர் குறைவு. யாரைக் கேட்டு உயர்த்தினார்? யாரையும் இல்லை. குறைத்தபோதும் அப்படியே.

அந்த 1932 மார்ச் 7 அன்று வேலையிழந்தவர்கள் சில ஆயிரம் பேர் டியர்பார்னில் இருந்த ஃபோர்டின் ரூஜ் ஆலைக்கு நடந்து போனார்கள். கையில் ஆயுதம் இல்லை, மனு இருந்தது: வேலை கொடு, குளிருக்குக் கரி கொடு, ஆலைக்குள் உளவு பார்ப்பதை நிறுத்து. கண்ணீர்ப்புகை வந்தது. மறுபடியும் அதே தண்ணீர்க் குழாய் வந்தது. பிறகு துப்பாக்கி. போலீஸும் ஃபோர்டின் காவலாட்களும் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஐந்தாமவர் பின்னால் காயத்தால் இறந்தார்.

அந்தக் காவலாட்களின் தலைவர் ஹாரி பென்னட், முன்னாள் குத்துச்சண்டைக்காரர். அவர் துறைக்குப் பெயர் ‘சர்வீஸ் டிபார்ட்மெண்ட்’! அடியாட்களும் சிறையிலிருந்து வந்தவர்களும் சாதாரண உடையில் ஆலைக்குள் திரிவார்கள். நாலு பேர் கூடிப் பேசினால் வேலை போகும். அதனால் உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள் தொழிலாளிகள். ‘ஃபோர்டு கிசுகிசு’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

உட்கார்ந்துகொண்டு என்ன சாதித்தார்கள் என்று கேட்டீர்கள். நீங்கள் கேலியாகச் சொன்னீர்கள். ஃபிளின்ட் நகரத்தில் நிஜமாகவே உட்கார்ந்தார்கள். 1936 டிசம்பர் 30 தொடங்கி 44 நாள், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள்ளேயே. வெளியே நின்றால் வேறு ஆளை வைத்து ஓட்டிவிடுவார்கள், உள்ளே இருந்தால் முடியாது. மிச்சிகன் ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி படையை ஏவி அவர்களை வெளியேற்ற மறுத்தார். பிப்ரவரி 11 அன்று உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி வாகனத் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது. இரண்டு மாதத்தில் கிரைஸ்லரும் வழிக்கு வந்தது.

கடைசிவரை முரண்டு பிடித்தவர் உங்கள் நல்ல முதலாளி. சங்கம் அமைக்கும் உரிமை 1935-லேயே சட்டமாகியிருந்தும், 1937 மே 26 அன்று ரூஜ் ஆலை மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்கப் போன அந்தச் சங்கத்தின் வால்டர் ரூதரையும் கூட்டாளிகளையும் பென்னட்டின் ஆட்கள் அடித்துப் படியில் உருட்டினார்கள். புகைப்படக்காரர்களிடமிருந்து படம் பதிந்த பிளேட்டுகளையும் பிடுங்கினார்கள். டெட்ராய்ட் நியூஸ்காரர் ஒருவர் வெற்றுப் பிளேட்டைக் கொடுத்துவிட்டு உண்மையானதை ஒளித்து எடுத்துப் போனதால் நாடு பார்த்தது.

சங்கங்கள் பக்கம் கறை இல்லையா? உண்டு. 1941 ஏப்ரலில் ஃபோர்டில் வேலைநிறுத்தம் வெடித்தபோது கறுப்பினத் தொழிலாளிகள் பலர் ஆலைக்குள்ளேயே இருந்தார்கள். வெள்ளையர் சங்கங்கள் பல அவர்களைப் பல ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தியிருந்தன. ஃபோர்டோ ஆயிரக்கணக்கில் வேலை கொடுத்திருந்தார். அவர்கள் யாரை நம்பியிருக்க வேண்டும் என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவர்களை வெளியே அழைக்கக் கறுப்பினத் தலைவர்கள் ஆலை வாசலுக்கே வந்து பேச வேண்டியிருந்தது. இன்னொன்று: இதே வாகனத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர் சங்கப் பணத்தில் கைவைத்ததற்காக 2021-இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதன் பிறகு தலைவரை உறுப்பினர்களே நேரடி ஓட்டில் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. பென்னட்டை மாற்ற எந்த ஓட்டு இருந்தது?

1941 மே மாதம் ஃபோர்டு தொழிலாளிகளிடம் ஓட்டு எடுத்தார்கள். எந்தச் சங்கமும் வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 5 டாலர் கொடுத்த கையை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்! ஜூன் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலி பற்றிய ஷரத்துகளோடு அதில் இன்னொன்றும் இருந்தது: ஆலைக் காவலாட்கள் இனிச் சீருடையோ தொப்பியோ பேட்ஜோ அணிந்துதான் உள்ளே வர வேண்டும்.