காலேஜுக்கு கொடுத்த தண்டனை யார் தலையில விழுந்துச்சுன்னு பாருங்க: டென்னிஸ் ஸ்காலர்ஷிப்ல போற பொண்ணோட அம்மாவுக்கு பதில்

கேள்வி: என் பொண்ணுக்கு அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டில டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு, ஆகஸ்ட்ல சேரணும். அங்க ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்ட்ல சில வருஷம் முன்னாடி பாலியல் துன்புறுத்தல் கேஸ் நடந்து நஷ்டஈடெல்லாம் கொடுத்திருக்காங்கன்னு இப்பதான் தெரிய வந்துச்சு. ஒரு தடவை அடி வாங்கின காலேஜ் இனிமே ஒழுங்கா இருக்கும்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு மனசு ஒப்பல. இதை எப்படி விசாரிக்கிறது? அவ படிக்கும்போது காலேஜுக்கு மறுபடி தண்டனை வந்தா இவ ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்? (கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அம்மா)

பதில்:

அம்மா, மனசு ஒப்பலைன்னு சொன்னீங்க பாருங்க, அதை அப்படியே தள்ளிடாதீங்க. வீட்டுக்காரர் சொல்றதும் சில இடத்துல நடந்திருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் இல்ல. நான் பார்க்கச் சொல்றது ரெண்டு விஷயம். அந்தத் தண்டனை யார் மேல விழுந்துச்சு, இன்னைக்கு அங்க ஒரு பொண்ணு புகார் சொன்னா அது எந்த வழியா எங்க போய் நிக்குது. ஏன் இது ரெண்டும்னு புரியணும்னா பென் ஸ்டேட் கதையை கொஞ்சம் விவரமா சொல்லணும், பொறுமையா படிங்க.

பென்சில்வேனியாவுல இருக்கிற பெரிய யூனிவர்சிட்டி அது, ஒரு லட்சம் பேருக்கு மேல உட்கார்ற ஃபுட்பால் ஸ்டேடியம், ஊர் முழுக்க அந்த டீம் பேச்சுதான். அங்க வருஷக்கணக்கா அசிஸ்டெண்ட் கோச்சா இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி 1999ல ரிடையர் ஆனப்புறமும் டீமோட கட்டடத்துக்கு இஷ்டப்படி வந்து போவார், கஷ்டப்படுற பசங்களுக்குன்னு 1977லயே ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பிச்சிருந்தார், அது மூலமா பழகின பசங்களைத்தான் கூட கூட்டிட்டு வருவார். 1998ல ஒரு பையனோட அம்மா, தன் பையன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னு இவர் மேல புகார் கொடுத்து விசாரணை நடந்துச்சு, கேஸ் போடாமலே முடிச்சுட்டாங்க. அப்புறம் 2001 பிப்ரவரில ஒரு ராத்திரி அந்தக் கட்டடத்து ஷவர் ரூம்ல சாண்டஸ்கி ஒரு பையனோட இருக்கிறதை ஒரு இளம் அசிஸ்டெண்ட் கண்ணால பார்த்துட்டார். மறுநாள் ஹெட் கோச் ஜோ பட்டர்னோ வீட்டுக்கே போய் சொன்னார். பட்டர்னோ அத்லெட்டிக் டைரக்டர் டிம் கர்லிகிட்ட சொன்னார், கர்லி வைஸ் பிரசிடெண்ட் கேரி ஷுல்ட்ஸோட பேசினார், அது பிரசிடெண்ட் கிரஹாம் ஸ்பேனியர் வரைக்கும் போச்சு. இத்தனை பேர் காதுக்கு போயும் ஒருத்தர் கூட போலீஸுக்கு போன் பண்ணல.

முதல்ல குழந்தைகள் நலத் துறைக்கு சொல்லிடலாம்னுதான் யோசிச்சிருக்காங்க. அப்புறம் அதை மாத்தி, சாண்டஸ்கிகிட்டயே பேசி இனிமே பசங்களை இங்க கூட்டிட்டு வரவேண்டாம்னு சொல்லிக்கலாம்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு சரின்னு ஸ்பேனியர் போட்ட இமெயில் பின்னாடி வெளிய வந்துச்சு. இதுல நமக்கு இருக்கிற ஒரே சிக்கல், அவர் கேக்காம போனா ஏன் முன்னாடியே ரிப்போர்ட் பண்ணலைன்னு கேள்வி நம்ம மேல வரும்ங்கிற மாதிரி எழுதியிருந்தார். அந்தப் பையன் யாரு, என்ன ஆனான்னு தேடிப் பார்க்க யாரும் ஒரு அடி எடுத்து வைக்கல. எனக்கு இந்தக் கேஸ்ல எப்ப படிச்சாலும் நெஞ்சு அடைக்கிற இடம் இதுதான், ஏன்னா அதுக்கப்புறமும் வேற பசங்க மாட்டினாங்க. 2011 நவம்பர்லதான் சாண்டஸ்கி அரெஸ்ட் ஆனார், 2012 ஜூன்ல சிறுவர் பாலியல் கொடுமை தொடர்பா 45 குற்றச்சாட்டு நிரூபணம் ஆச்சு, குறைஞ்சது 30, அதிகபட்சம் 60 வருஷம்னு ஜெயில்.

இப்ப தண்டனைக்கு வர்றேன். காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துற என்சிஏஏ 2012 ஜூலைல 6 கோடி டாலர் அபராதம் போட்டாங்க, டீம் 4 வருஷம் போஸ்ட் சீசன், அதாவது சீசன் முடிஞ்சு நடக்கிற பெரிய மேட்ச், ஆடக்கூடாது, ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையை குறைக்கணும், 1998ல இருந்து 2011 வரைக்கும் ஜெயிச்ச 112 மேட்ச் கணக்குல இருந்தே கழிக்கணும். பார்க்க பெரிய அடி மாதிரி இருக்கு. ஆனா 2012ல அங்க புதுசா சேர்ந்த 18 வயசுப் பையனுக்கு 2001ல 7 வயசு, அவன் என்ன தப்பு பண்ணான்? ஆடக்கூடாதுன்னு போட்ட தடை அவன் மேலதான் விழுந்துச்சு. அதையும் 2014ல எடுத்துட்டாங்க, கழிச்ச 112 வெற்றியும் 2015ல திரும்ப வந்துருச்சு. பாதிக்கப்பட்ட பசங்களுக்கு இந்தக் கூட்டல் கழித்தலால ஒரு பிரயோஜனமும் இல்ல. அந்த 6 கோடியை குழந்தைகள் மேல நடக்கிற கொடுமையை தடுக்கிற வேலைக்கு ஒதுக்கினாங்களே, அது ஒண்ணுதான் அதுல எனக்கு நல்லதா படுது.

மேல இருந்தவங்க கதை ரொம்ப மெதுவா நடந்துச்சு. பட்டர்னோவை 2011 நவம்பர்லயே நீக்கிட்டாங்க, ரெண்டு மாசத்துல இறந்துட்டார். கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தையை ஆபத்துக்கு உள்ளாக்கினதா குற்றத்தை ஒத்துக்கிட்டது 2017 மார்ச்ல, அதே மாசம் ஸ்பேனியர் குற்றவாளின்னு ஜூரி சொன்னாங்க, அப்பீல் மேல அப்பீல் போய் அவர் ஜெயிலுக்கு போனது 2021ல, அதுவும் ரெண்டு மாசத்துக்கும் குறைவா. 2001ல எடுத்த முடிவுக்கு பதில் சொல்ல 20 வருஷம் ஆச்சு.

இன்னொரு கேஸ் மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டி. அங்க வேலை பார்த்த டாக்டர் லேரி நாசர், ட்ரீட்மெண்ட்னு சொல்லி நூத்துக்கணக்கான பொண்ணுங்களை துன்புறுத்தினவர். 2014லயே ஒரு பொண்ணு புகார் கொடுத்து யூனிவர்சிட்டி விசாரிச்சு, மருத்துவ முறைதான்னு சொல்லி அவரை விட்டுட்டாங்க. இனிமே அந்த மாதிரி பரிசோதனை பண்ணும்போது ரூம்ல இன்னொருத்தர் இருக்கணும்னு அவருக்கு மேல இருந்த டீன் ஒரு நிபந்தனை போட்டார், ஆனா அது நடக்குதான்னு யாரும் போய் பார்க்கல, 2016 வரைக்கும் அவர் பேஷண்ட் பார்த்துட்டுதான் இருந்தார். அந்த டீனுக்கு பின்னாடி கடமை தவறினதுக்கும் சேர்த்து ஜெயில் தண்டனை கிடைச்சுது. யூனிவர்சிட்டி 2018ல 50 கோடி டாலருக்கு செட்டில்மெண்ட் பண்ணுச்சு, மத்திய கல்வித்துறை 2019ல 45 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு, ஆனா என்சிஏஏ விதி எதையும் மீறலைன்னு அதே என்சிஏஏ இவங்களை விட்டுட்டாங்க. அதனால என்சிஏஏ ஆக்‌ஷன் எடுத்தாங்களா இல்லையாங்கறதை மட்டும் வச்சு ஒரு காலேஜை எடை போடாதீங்க. இத்தனை பணம் கொடுத்தும் 6,000க்கு மேல டாக்குமெண்ட்டை வக்கீல் ரகசியம்னு சொல்லி மாநில அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல்கிட்ட காட்டாமலே வச்சிருந்தாங்க, கொடுக்கலாம்னு யூனிவர்சிட்டி போர்டு ஓட்டு போட்டது 2023 டிசம்பர்ல. செட்டில்மெண்ட் தொகையை விட இந்த மாதிரி விஷயம்தான் ஒரு நிர்வாகத்தோட மனசை காட்டும்.

சரி, நீங்க என்ன பண்ணணும். முதல்ல உங்க காலேஜ் பேரை போட்டு அந்தக் கேஸ்ல வெளி ஆளுங்களை வச்சு விசாரணை நடந்துச்சா, அந்த ரிப்போர்ட் முழுசா வெளிய வந்துச்சான்னு தேடுங்க. அப்ப பொறுப்புல இருந்த அத்லெட்டிக் டைரக்டர், சீனியர் கோச் எல்லாம் இன்னும் அதே சீட்ல இருக்காங்களான்னு பாருங்க. கிளெரி சட்டப்படி ஒவ்வொரு காலேஜும் வருஷா வருஷம் அக்டோபர் 1க்குள்ள பாதுகாப்பு அறிக்கை போட்டாகணும், கேம்பஸ்ல நடந்த குற்றங்களோட 3 வருஷ எண்ணிக்கை அதுல இருக்கும், அவங்க சைட்லயே கிடைக்கும். ஒண்ணு கவனிங்க, பாலியல் குற்றத்துல பூஜ்யம்னு போட்டிருந்தா உடனே நிம்மதி ஆயிடாதீங்க, ஆயிரக்கணக்கான பசங்க படிக்கிற இடத்துல பூஜ்யம்னா புகார் சொல்லவே பயப்படுறாங்கன்னும் இருக்கலாம்.

அடுத்து கோச்சோட வீடியோ கால்ல பொண்ணையே கேக்க வைங்க: எனக்கு ஒரு பிரச்சனைன்னா நான் யார்கிட்ட போகணும்? என்கிட்ட வா, நாங்க எல்லாம் ஒரு குடும்பம், உள்ளயே பார்த்துக்கலாம்னு மட்டும் பதில் வந்தா அது 2001ல பென் ஸ்டேட்ல போன அதே வழி. பாலியல் புகாரை விசாரிக்கிற டைட்டில் நைன் ஆபீஸ், கேம்பஸ் போலீஸ்னு டீமுக்கு வெளிய ஒரு இடத்தை யோசிக்காம சொன்னாங்கன்னா நல்லது. டென்னிஸ் பொண்ணுக்கு தோள்பட்டை, இடுப்புன்னு பிசியோ ரூம்லயே பாதி நாள் போகும், அதனால ட்ரீட்மெண்ட் அப்ப ரூம்ல இன்னொருத்தர் இருக்கணும்னு கேக்க முடியுமா, அது எழுத்துல இருக்கா, அதை யார் செக் பண்றாங்கன்னும் கேளுங்க. பொண்ணுகிட்ட இன்னொண்ணும் சொல்லி வைங்க, பெரும்பாலான யூனிவர்சிட்டில கோச்சுகிட்ட சொன்னா அவர் டைட்டில் நைன் ஆபீஸுக்கு சொல்லியே ஆகணும்னு ரூல் இருக்கும், முதல்ல ரகசியமா பேசணும்னா கவுன்சிலிங் சென்டர்தான் இடம். அவசரம்னா யாரையும் கேக்காம அங்கத்த அவசர நம்பர் 911க்கு போன் பண்ணணும்.

ஸ்காலர்ஷிப் பத்தி கேட்டீங்க. என்சிஏஏ தண்டனையா ஸ்காலர்ஷிப்பை குறைச்சா அது பெரும்பாலும் இனிமே சேரப்போற பசங்களைத்தான் அடிக்கும், இருக்கிறவங்களுக்கு உடனே போயிடாது. ஆனா உங்க கைல இருக்கிற ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கா நாலு வருஷத்துக்கான்னு பாருங்க, ஒரு வருஷம்னா கோச் மாறினாலே ரிஸ்க்தான். அதை குறைச்சாலோ புதுப்பிக்காம விட்டாலோ அப்பீல் பண்ண உரிமை உண்டு, காலேஜ் அதை எழுத்துல சொல்லணும். வேற காலேஜுக்கு மாறுறது முன்ன மாதிரி கஷ்டம் இல்ல, மார்க் சரியா இருந்தா ஒரு வருஷம் உட்காராமலே ஆடலாம். ஆனா அவ எஃப்-1ங்கிற ஸ்டூடண்ட் விசால இருக்கிறதால கோபத்துல கிளாஸை நிறுத்திட்டு கிளம்பிடக்கூடாது, முதல்ல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல பேசி செவிஸ்ங்கிற அரசாங்க ஸ்டூடண்ட் ரெக்கார்டை புது காலேஜுக்கு மாத்தி, விசாவுக்கு ஆதாரமா காலேஜ் கொடுக்கிற ஐ-20 படிவத்தை புதுசா வாங்கணும்.

அந்த வீடியோ கால்ல நீங்களும் பக்கத்துல உட்காருங்க, என்ன பதில் வந்துச்சுன்னு ஒரு நோட்டுல தேதியோட எழுதி வைங்க, அப்புறம் அதையே சுருக்கமா கோச்சுக்கு இமெயில் போட்டு சரிதானான்னு கேளுங்க.