பழைய காரைத் தானம் கொடுக்குமுன்: டிசம்பர் கேள்விகளும் பதில்களும்

நியூஜெர்சியில் பதினாறு வருடமாக வருமான வரி தாக்கல் செய்துகொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் ஒரே கேள்வி பல குரலில் வரும்: "அக்கா, பழைய காரை டொனேட் பண்ணினா டாக்ஸ் குறையுமா?" 2025 டிசம்பரில் வந்த கேள்விகளை ஒன்றாக வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் அமெரிக்க மத்திய அரசின் வரி பற்றியது, 2025ஆம் ஆண்டுக் கணக்கு.

கேள்வி (எடிசன்): என்னிடம் 2009 கேம்ரி இருக்கிறது. பழைய கார்களின் விலை சொல்லும் கெல்லி புளூ புக்கில் 4,000 டாலர் காட்டுகிறது. தானம் கொடுத்தால் வரிக்குரிய வருமானத்திலிருந்து 4,000 டாலரையும் கழித்துக்கொள்ளலாம்தானே?

பதில்: பெரும்பாலும் முடியாது தம்பி. புளூ புக் விலை ஒன்று, தானம் வாங்கும் அறக்கட்டளை உங்கள் காரை ஏலத்தில் என்ன விலைக்கு விற்கிறது என்பது வேறொன்று. வரிக்கணக்கில் செல்லுபடியாவது இரண்டாவதுதான்.

2004 வரை மதிப்பை நாமே போட்டுக்கொள்ள முடிந்தது. ஓடாத வண்டிக்குக்கூட நல்ல வண்டியின் விலையை எழுதினார்கள். ஏலத்தில் அது சில நூறு டாலருக்குப் போகும், அதில் இழுத்துச் சென்றவர் கூலியும் ஏலக்காரர் கமிஷனும் போக அறக்கட்டளைக்குச் சொற்பம்தான் மிஞ்சும். இதைப் பார்த்து 2004இல் சட்டத்தை மாற்றினார்கள், 2005 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. கார் 500 டாலருக்கு மேல் விலைபோனால், விற்ற தொகைதான் உங்கள் வரிக்கழிவு. 500 அல்லது அதற்குக் கீழே போனால், 500 டாலர், காரின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது.

அதாவது உங்கள் கேம்ரி ஏலத்தில் 1,100 டாலருக்குப் போனால் 1,100. வெறும் 175க்குப் போனால்கூட, காரின் உண்மையான மதிப்பு 500க்கு மேல் இருந்தால் 500 எழுதலாம். விற்ற தொகை என்றால் செலவு போகாத முழுத் தொகை. காரை இழுத்துச் செல்லும் டோ டிரக்கின் கூலியை அதில் கழிக்க வேண்டியதில்லை.

கேள்வி (டாலஸ்): நாங்கள் எப்போதும் செலவுக் கணக்கு காட்டாமல் எடுக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் எடுக்கிறோம். எங்களுக்கு ஏதாவது பலன் உண்டா?

பதில்: வரியில் எதுவும் இல்லை. வரிப் படிவத்தின் இணைப்பான ஷெட்யூல் ஏ-யில் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டி ஐட்டமைஸ் செய்பவர்களுக்குத்தான் கார் தானம் கணக்கில் வரும். 2025க்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனிநபருக்கு 15,750 டாலர், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 31,500. உங்கள் செலவுகள் அதைத் தாண்டினால்தான் பேச்சு.

ஆனால் இந்த வருடம் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். மாநில, உள்ளூர் வரிகளுக்கு இருந்த 10,000 டாலர் உச்சவரம்பு 2025க்கு 40,000 ஆகியிருக்கிறது (வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் குறையத் தொடங்கும்). எங்கள் ஊர்ப்பக்கம் சாதாரணமாகப் பார்க்கும் கணக்கு இது: சொத்து வரி 11,000, மாநில வருமான வரி 9,000, வீட்டுக்கடன் வட்டி 13,000. போன வருடம் இதில் 23,000தான் எடுபடும், ஸ்டாண்டர்டே மேல். இந்த வருடம் 33,000, அதாவது ஐட்டமைஸ் செய்வதுதான் லாபம். இப்படிப்பட்ட வீட்டில் கார் தானம் முதல் டாலரிலிருந்தே வேலை செய்யும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததால் உங்களுக்கு வீட்டு வரியையும் வட்டியையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி (எடிசன், முதல் கேள்வி கேட்ட அதே தம்பி): அடுத்த வருடம் கொடுத்தால் என்ன? ஏன் இந்த அவசரம்?

பதில்: 2026இல் விதி மாறுகிறது. ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு, மொத்தத் தானத்தில் வருமானத்தின் அரை சதவீதம் வரை கணக்கில் சேராது. இரண்டு லட்சம் டாலர் வருமானம் என்றால் முதல் 1,000 டாலருக்குக் கழிவு இல்லை. வேறு தானம் எதுவும் செய்யாத வீட்டில், 900 டாலருக்கு விற்ற கார் அப்படியே அதில் மறைந்துவிடும். ஐட்டமைஸ் செய்யாதவர்களுக்கு 2026இலிருந்து 1,000 டாலர் (தம்பதிக்கு 2,000) கழிவு வருகிறது. அது பணமாகக் கொடுப்பதற்கு மட்டும், காருக்குக் கிடையாது.

கேள்வி (சான் ஹோசே): நேராகச் சொல்லுங்கள் மேடம். விற்பது நல்லதா, கொடுப்பது நல்லதா?

பதில்: ஓடும் கார் என்றால், நீங்களே விற்று அந்தப் பணத்தைக் கொடுங்கள். உதாரணத்துக்கு 22 சதவீத வருமான வரி வரம்பில் இருப்பவர். தானம் கொடுத்த கார் ஏலத்தில் 900க்குப் போனால் வரியில் 198 டாலர் மிச்சம், அந்த 900இலும் ஒரு பங்குதான் அறக்கட்டளைக்கு. அதே காரை ஒரு சனிக்கிழமை செலவழித்து 2,500க்கு விற்று, 2,500ஐயும் கொடுத்தால் உங்களுக்கு 550 மிச்சம், அவர்களுக்கு 2,500 முழுசாக. இரண்டு பக்கமும் இதுதான் மேல்.

விற்க நேரமில்லை, டிரான்ஸ்மிஷன் போய்விட்டது, ஸ்மாக் எனும் புகைப் பரிசோதனையில் தேறவில்லை, ஆறு மாதமாக டிரைவ்வேயில் கிடக்கிறது என்றால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். இலவசமாக வந்து இழுத்துச் செல்வார்கள். உங்களுக்குப் பாரமாக இருப்பது அவர்களுக்குச் சில நூறு டாலர்.

கேள்வி (பால்டிமோர்): காரை ஏலத்துக்கு அனுப்பாமல் உண்மையிலேயே ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்களா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. இருக்கிறார்கள், அதுவும் உங்கள் மாநிலத்திலேயே. மேரிலாண்டில் 1999இல் தொடங்கிய வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் தானமாக வரும் கார்களில் தகுதியானவற்றைப் பழுதுபார்த்து, வேலைக்குப் போக வண்டி இல்லாத குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. வெர்மாண்டில் 1996இல் தொடங்கிய குட் நியூஸ் கராஜும் இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவின் பல ஊர்களில் பஸ் போகாத இடத்தில்தான் வேலை இருக்கும். அங்கே ஒரு பழைய கொரோலா என்பது ஒரு சம்பளம்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. அறக்கட்டளை காரைத் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்தினால், பெரிய அளவில் பழுதுபார்த்து மதிப்பைக் கூட்டினால், அல்லது தன் அறப்பணியாகவே ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தால், நீங்கள் முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம். பெயின்ட் அடிப்பது, கழுவுவது, நசுங்கலை நிமிர்த்துவதெல்லாம் பழுதுபார்த்ததாக ஆகாது. மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். கொடுக்குமுன் போனில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "என் காரை விற்பீர்களா, வைத்துக்கொள்வீர்களா, ஒருவருக்குக் கொடுப்பீர்களா?" நல்ல அமைப்பு தயங்காமல் பதில் சொல்லும்.

கேள்வி (அட்லாண்டா): எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கொடுக்கலாமா? மதுரையில் என் அண்ணன் நடத்தும் டிரஸ்டுக்கு?

பதில்: அமெரிக்கக் கோயிலுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் தேடும்போது பெயர் வரவில்லை என்று பயப்பட வேண்டாம், வழிபாட்டுத் தலங்கள் விண்ணப்பிக்காமலே விலக்குப் பெற்றவை. ஆனால் கோயில் அலுவலகத்தில், கார் தானத்துக்குச் சான்றான 1098-சி படிவம் கொடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். பிரசாத வேனாக வருடக்கணக்கில் ஓட்டப்போகிறார்கள் என்றால் இன்னும் நல்லது, முழு மதிப்புக்கும் வாய்ப்புண்டு.

மதுரை டிரஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அமெரிக்க வரியில் கழிவு கிடையாது. அமெரிக்காவில் பதிவான 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையாக இருக்க வேண்டும்.

கேள்வி (பிட்ஸ்பர்க்): படிக்க வந்திருக்கும் நண்பர் மகனுக்கு இனாமாகக் கொடுத்தால்?

பதில்: நல்ல காரியம், கொடுங்கள். வரிக்கழிவு இல்லை. தனிமனிதருக்குக் கொடுப்பது பரிசு, அறக்கொடை அல்ல. 2025இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை பரிசு வரிப் படிவமும் தேவையில்லை.

கேள்வி (சிகாகோ): டிசம்பர் 30 அன்று கொடுத்து, அவர்கள் பிப்ரவரியில் விற்றால் எந்த வருடக் கணக்கு?

பதில்: கொடுத்த வருடம்தான், விற்ற வருடம் அல்ல. கையெழுத்திட்ட டைட்டிலும் (காரின் உரிமைப் பத்திரம்) சாவியும் காரும் டிசம்பர் 31க்குள் உங்கள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இணையத்தில் படிவம் நிரப்பியதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். கடைசி வாரத்தில் டோ டிரக் கிடைப்பது கஷ்டம், 31ஆம் தேதி புதன்கிழமை. காரே ஓடும் என்றால் அவர்கள் சொல்லும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, தேதியிட்ட ரசீது வாங்கிவிடுங்கள்.

விற்ற 30 நாளுக்குள் 1098-சி வரும். கையில் வந்ததும் 4-சி பெட்டியைப் பாருங்கள், விற்ற தொகை அங்கே இருக்கும். 7ஆம் பெட்டியில் குறி இருந்தால் 500க்கு மேல் எழுத முடியாது. 500 டாலருக்கு மேல் கழிப்பவர்கள் படிவத்தின் பி நகலை வரி தாக்கலோடு சேர்க்க வேண்டும், பணமல்லாத தானத்துக்கான 8283 படிவமும் உண்டு. ஏப்ரல் 15 வரை வரவில்லை என்றால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்குங்கள். அவகாசம் தாக்கல் செய்யத்தான், கட்ட வேண்டிய வரியை ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

கேள்வி (ஜெர்சி சிட்டி): டைட்டிலில் என் பெயரும் மனைவி பெயரும் இருக்கிறது. அவர் இப்போது சென்னையில்.

பதில்: டைட்டிலை எடுத்து இரண்டு பெயருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "ஆண்ட்" என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். "ஆர்" என்றால் பல மாநிலங்களில் ஒருவர் போதும். அவருடைய கையெழுத்து வேண்டும் என்றால் இன்றே கூரியருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

டைட்டிலில் அடித்தல் திருத்தல் கூடாது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு சார், டோ டிரக் காத்திருக்க, பனியில் பானட் மேல் வைத்து எழுதினார். வாங்குபவர் இடத்தில் அவசரத்தில் தன் பெயரை எழுதிவிட்டார். அடித்துவிட்டுப் பக்கத்தில் அறக்கட்டளை பெயரை எழுதினார். டிரைவர் தலையை ஆட்டிவிட்டுக் கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். டூப்ளிகேட் டைட்டில் கைக்கு வர ஜனவரி ஆனது, அந்த வருடக் கழிவு போனது. முந்தின நாள் இரவே, வீட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாக எழுதுங்கள். வாங்குபவர் இடத்தைக் காலியாகவும் விடாதீர்கள். காருக்குக் கடன் இருந்தது என்றால் வங்கியின் விடுவிப்புக் கடிதமும் வேண்டும்.

கேள்வி (பிராங்க்ளின் பார்க்): நான் ஊபர் ஓட்டிய கார். அதற்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

பதில்: உண்டு அண்ணா. ஊபர் ஓட்டிய மைல்களுக்கு நீங்கள் எடுத்த வரிக்கழிவிலேயே ஒரு பகுதி காரின் தேய்மானம்தான். ஏற்கெனவே கழித்த அந்தத் தேய்மானத்தைப் பொறுத்துத் தானக் கழிவு குறையும், சில சமயம் பெரிதாகவே குறையும். பழைய வருடங்களின் மைல் கணக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

கேள்வி (ரேலி): ஜனவரி 4 அன்று நிரந்தரமாகக் கோயம்புத்தூர் கிளம்புகிறோம். காரை அதற்குள் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

பதில்: இன்னும் நாலு வேலை இருக்கிறது. 1098-சி நீங்கள் போனபிறகுதான் வரும், அதனால் இங்கே இருக்கும் நம்பிக்கையான நண்பர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். நம்பர் பிளேட் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு: கலிஃபோர்னியாவில் காரோடு போகும், 5 நாளுக்குள் கைமாறியதைத் தெரிவிக்க வேண்டும். நியூயார்க்கில் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இன்ஷூரன்ஸை ரத்து செய்ய வேண்டும். உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் கார் பெயர் மாறியதற்கான காகிதம் கைக்கு வரும்வரை இன்ஷூரன்ஸை நிறுத்தாதீர்கள்.

அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சுங்கக் கட்டண டேக். என் வாடிக்கையாளர் ஒருவர் அதை எடுக்க மறந்து ஊருக்குப் போய்விட்டார். மார்ச் மாதம்வரை அவர் கணக்கில் டோல் ஏறிக்கொண்டே இருந்தது. சாவியைக் கொடுக்குமுன் டேக்கை உரித்துவிடுங்கள், டிக்கியையும் டேஷ்போர்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கடைசியாக நான் அனுப்பிவைத்த காரில், சன்வைசருக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண்ணின் முதல் வகுப்புப் படம் இருந்தது.