நகரும் பொடுகு: முயல் வளர்ப்போர் கேள்வி–பதில்

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகி): வணக்கமுங்க. பையன் ஆசைப்பட்டான்னு ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி வளர்க்கறோம். பொட்டை முயலுக்குப் பிடரியிலயும் வாலுக்கு மேலயும் தவிடு தூவுன மாதிரி பொடுகு. அந்த எடத்துல முடியும் கொட்டுது. வேப்பெண்ணெய் தடவிக் குளிப்பாட்டிப் பார்த்தோம், அடங்கலைங்க. பக்கத்து வீட்டுல நாய்க்குப் போடற சொட்டு மருந்து மிச்சம் இருக்குது, அதுல ரெண்டு சொட்டு விடலாமுங்களா? பையனுக்கும் கையில, வயித்துல செவப்புச் செவப்பாத் தடிச்சு அரிக்குதுங்க.

பதில்: அந்தச் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். முதலில் அதன் அட்டையைப் படியுங்கள். நாய் உண்ணிக்கு விற்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கும். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அந்த மருந்து முயலுக்கு விஷம். தீனி எடுக்காமல் சோர்ந்து, வலிப்பு வந்து செத்துப்போகும்; குட்டிகள் இன்னும் சீக்கிரம் போய்விடும். சில நேரம் மருந்து விட்டுச் சில நாள் கழித்தே வினை தெரியும் என்பதால், இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

நீங்கள் சொல்லும் இடங்களை வைத்துப் பார்த்தால் இது கெய்லெட்டியெல்லா என்ற ரோமச் சிற்றுண்ணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது தோலைக் குடைந்து உள்ளே போகாது. மேல்தோலில் செதிலுக்கு அடியில் திரியும். முட்டையை முடியோடு ஒட்டி வைக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம். கறுப்புத் துணியில் முயலை நிறுத்தி, பேன் சீப்பால் பிடரியிலிருந்து வால் வரை முடியை எதிர்த்துச் சீவுங்கள். விழுந்த செதிலை வெளிச்சத்தில் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். செதில் தானாக நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். நகராவிட்டாலும் உண்ணி இல்லை என்று ஆகாது. செல்லோ டேப்பைப் பொடுகின் மேல் ஒட்டி எடுத்துக் கொண்டுபோனால், கால்நடை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார். பொடுகோ அரிப்போ இல்லாமல் முடி மட்டும் கொத்தாக வந்தால் அது முடி மாற்றுவது. சினை முயல் வயிற்று முடியைப் பிடுங்கினால் குட்டிக்கு மெத்தை போடுகிறது. மூக்கிலும் காதிலும் வட்ட வட்டமாக முடி போனால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்தே வேறு.

மருத்துவர்கள் பெரும்பாலும் கொடுப்பது ஐவர்மெக்டின் ஊசி. பிடரித் தோலைத் தூக்கி, தோலுக்கு அடியில் போடுவார்கள். கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 1 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 2 கிலோ முயலுக்குக் குறைந்த அளவு என்றால் 0.04 மில்லிதான், ஒரு சொட்டுக்கும் கீழே! தவறு நடப்பது இங்கேதான். 0.04 மில்லி என்பது 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் நான்கு யூனிட். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் அதே நான்கு யூனிட் இழுத்தால் 0.1 மில்லி, அதாவது இரண்டரை மடங்கு. ஆடு மாட்டுக்குப் போடுகிற கையால் கண்மதிப்பாகப் போட்டு முயலைப் பறிகொடுக்காதீர்கள். தராசில் எடை பார்த்துக்கொண்டு, மருத்துவர் கையால் போடுவதே நல்லது. ஊசி வேண்டாம் என்றால், பிடரியில் விடும் செலமெக்டின் சொட்டு மருந்தை எடைக்கேற்ப அவர் தருவார். சொட்டு மருந்து எல்லாமே கெடுதல் என்றில்லை. உள்ளே என்ன மருந்து என்பதுதான் கேள்வி.

ஒரு ஊசியில் பொடுகு குறைந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த மருந்து முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து, வளர்ந்து, திரும்ப முட்டையிட மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். அதனால் 10–14 நாள் இடைவெளியில் மூன்று முறை போட்டாக வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் முதலிலிருந்துதான். கடா முயலுக்குப் பொடுகே தெரியாவிட்டாலும் அதே நாட்களில் அதற்கும் போட வேண்டும். அறிகுறி காட்டாமல் சுமக்கும் முயலிடமிருந்துதான் மறுபடி தொற்றும்.

கூண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்ணி முயலை விட்டு இறங்கிப் பத்து நாள் வரை பிழைத்திருக்கும். ஊசி போடும் ஒவ்வொரு முறையும் வைக்கோல், சாக்கு, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எரித்துவிட்டு, கூண்டைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நாள் முழுக்க வெயிலில் போடுங்கள். சீப்பையும் முயல் படுத்த துணியையும் மறக்க வேண்டாம்.

குளிப்பாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். முயலின் அடர்ந்த முடிக்குள் ஈரம் மணிக்கணக்கில் நிற்கும், உடம்பு குளிர்ந்துவிடும். மிரண்டு உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் தடவினால் அத்தனையும் நக்கி வயிற்றுக்குள்தான் போகும். அதில் கற்பூரம் கலந்தால் இன்னும் ஆபத்து. எந்த மருந்துக்குப் பிறகும் அரை நாள் தீனி தொடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. கடாவுக்கு இல்லாமல் பொட்டைக்கு மட்டும் ஏன் இவ்வளவு? நல்ல முயல் தன் முடியைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும். கொழுத்த முயலுக்கு முதுகு எட்டாது. பல் நீண்டு கோணிய முயலால் நக்க முடியாது. முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும். அரிசி, பிஸ்கட், வெறும் அடர்தீவனம் என்று கொடுத்தால் தேயாது. அருகம்புல், காய்ந்த புல், வேலிமசால் என நார்த்தீனியே பெரும்பங்காக இருக்கட்டும். பல்லைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பல்லில் கோளாறு இருந்து அது சரியாகாவிட்டால் பொடுகு திரும்பத் திரும்ப வரும்.

பையனுக்கு இருப்பதும் பெரும்பாலும் இதே உண்ணியின் கடிதான். மனித உடம்பில் இது பெருகாது. முயல் குணமானால் சில வாரத்தில் தானே அடங்கும். அதுவரை முயலை மடியில் வைக்க வேண்டாம், போட்டிருந்த உடுப்பைச் சுடுநீரில் துவைக்கவும். அரிப்பு அதிகமானாலோ விரல் இடுக்குக்குப் பரவினாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முயலால் வந்தது என்று மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (காங்கயம் வாசகர்): பண்ணையில் முப்பது முயல். நாலைந்துக்குக் காதுக்குள் பொரிப்பொரியாக அடை கட்டித் தலையை ஆட்டுகின்றன. பக்குகளைக் குச்சியால் பெயர்த்துவிட்டு மருந்து போடலாமா?

பதில்: பெயர்க்காதீர்கள். இது சோரோப்டஸ் என்ற காது உண்ணி. பக்குக்கு அடியில் தோல் ரணமாக இருக்கும். பிடுங்கினால் ரத்தம் வரும், வலியில் முயல் துடித்துவிடும். மேலே சொன்ன ஐவர்மெக்டினை எடைக்கேற்ப, இடைவெளி விட்டுத் திரும்பப் போட்டால், பக்கு ஓரிரு வாரத்தில் தானே உதிரும். காய்ந்து இறுகியிருந்தால் இரண்டு சொட்டு லிக்விட் பாரஃபின் விட்டு ஊறவிடலாம். தலை ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால் சீழ் உள்காதுக்குப் போயிருக்கக்கூடும். அதற்கு ஊசி மட்டும் போதாது.

இந்த உண்ணி வெளியே மூன்று வாரம் வரைகூட உயிரோடிருக்கும் என்பதால் கூண்டு வேலை இன்னும் கண்டிப்பாக நடக்க வேண்டும். முயல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, கம்பி வலையில் ஒட்டிய முடியைத் தீப்பந்த விளக்கால் ஓட்டமாகக் கருக்குங்கள். ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் துத்தநாகப் பூச்சு போய் வலை துருப்பிடிக்கும். முப்பதுக்கும் மருந்து போடுங்கள், நாலைந்துக்கு மட்டும் போதாது. புதிதாக வாங்கும் முயலை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்த பிறகே சேருங்கள். ஊசி போட்ட முயலை உடனே கறிக்குக் கொடுக்கக் கூடாது. எத்தனை நாள் விட வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஊசி போட்ட தேதியைக் கூண்டு அட்டையில் குறித்து வையுங்கள்.