லித்தியம் குடிக்கும் தம்பியும் வன்னி வெயிலும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 31. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறான், இடைக்கிடை மேசன் வேலைக்கும் போவான். முன்பு ஒரு தடவை மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தான். பிறகு திடீரென்று நித்திரையே இல்லாமல், கடன்பட்டு இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கி, ஊருக்குக் கோயில் கட்டப் போகிறேன் என்று இரவு பகலாகத் திரிந்தான். ஆஸ்பத்திரியில் இருமுனை மனநிலைக் கோளாறு என்று சொல்லி லித்தியம் தொடங்கினார்கள். 250 மில்லிகிராம் குளிசை, காலையில் ஒன்று, இரவில் இரண்டு. இப்போது இரண்டு வருடமாக நல்ல சுகம். ஆனால் கை இலேசாக நடுங்குகிறது, தண்ணீர் விடாய் அதிகம், இரவில் எழும்பி எழும்பி ஒன்றுக்குப் போகிறான். முந்தின பரிசோதனையில் 0.7 ஆக இருந்த லித்தியம் இந்தத் தடவை 1.1 என்று வந்திருக்கிறது. விடியக் குளிசையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்த்தான் இரத்தம் கொடுத்தான். சிறுபோக அறுவடை நேரம் நாரி உளைவுக்குப் பார்மசியில் வலிக் குளிசையும் வாங்கிப் போட்டவன். லித்தியம் கிட்னியைத் தின்றுவிடும், நிற்பாட்டு என்று மாமா சொல்கிறார். தம்பியும் கந்தசஷ்டி விரதத்தோடு நிற்பாட்டுகிறேன் என்கிறான். என்ன செய்வது?
- ஓர் அக்கா, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில். நிற்பாட்ட வேண்டாம். குறிப்பாக, ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றோடு சட்டென்று நிற்பாட்டுவது கூடவே கூடாது. லித்தியத்தைத் திடீரென்று விட்டவர்களுக்கு அடுத்த சில மாதங்களுக்குள் அந்தப் பழைய மன எழுச்சி, அதாவது நித்திரையில்லாமல் கடன்பட்டுத் திரிந்த நிலை, திரும்பி வருவது மிகவும் சாதாரணம். சிலருக்கு முன்னையதைவிட மோசமாகவே வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் தற்கொலை ஆபத்து அதிகம். அந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உள்ள மருந்துகளில் லித்தியம் முதல் வரிசையில் நிற்கிறது. "நல்ல சுகம், இனி எதற்கு மருந்து?" என்று தம்பி கேட்பார். அந்தச் சுகத்துக்கு மருந்தும் ஒரு காரணம் என்பதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இனி அந்த 1.1, அதாவது இரத்தத்தில் இருந்த லித்தியத்தின் அளவு. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், விடியக் குளிசை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார் என்ற வரிதான். லித்தியம் பார்க்கும் இரத்தம், கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து எடுக்கப்பட வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு இரத்தம். அன்றைய காலைக் குளிசையைக் கையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். ஐந்து மணிக்கு ஒன்றைப் போட்டுவிட்டு எட்டு, ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுத்தால், அப்போதுதான் உடம்புக்குள் இறங்கிய மருந்தையும் சேர்த்துத்தான் கருவி காட்டும். அந்தப் பொய்க் கணக்கைப் பார்த்து வைத்தியர் அளவைக் குறைத்தால், இரண்டு மாதத்தில் தம்பி மறுபடியும் மோட்டார் சைக்கிள் கடைக்குப் போகக்கூடும். வைத்தியரைக் குறை சொல்ல முடியாது. காலைக் குளிசையைப் போட்டாரா என்று யாராவது கேட்டால்தானே அவருக்குத் தெரியும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் கடைசிக் குளிசை போட்ட நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

ஆனால் நேரம் மட்டும்தான் காரணம் என்று விட்டுவிடவும் முடியாது. அறுவடைக்குப் போட்ட வலிக் குளிசையும் இருக்கிறது. டைக்குளோபினாக், இபுபுரூபன், மெபனாமிக் அசிட் போன்றவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு குளிசைகூடக் கூடுதலாகப் போடாமலே இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். அறுவடை நேரத்தில் இவற்றைக் கச்சான் வாங்குவதுபோல வாங்குகிறார்கள், பார்மசிக்காரரும் வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. நாரி உளைவுக்குத் தம்பி பரசிற்றமோல் போடலாம், அதாவது சாதாரண பனடோல். பூச்சுத் தைலம் பூசலாம். ஆனால் பூசும் டைக்குளோபினாக் ஜெல்லைப் பெரிய இடத்தில் நாள்கணக்காகப் பூச வேண்டாம். பிரஷர் மருந்திலும் இதே சிக்கல் உண்டு. எனலாபிரில், லொசாட்டன், ஹைட்ரோகுளோரோதயசைட் ஆகியவை லித்தியத்தை ஏற்றும். இப்போது அவருக்குப் பிரஷர் இல்லை, சரி. நாளைக்கு வந்தால் லித்தியம் குடிக்கிறவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது, வலிக் குளிசையை விட்டு ஒரு வாரம் போகட்டும், அப்புறம் சரியான 12 மணித்தியாலக் கணக்கில் இன்னொரு தடவை இரத்தம் பார்ப்பது. கிளினிக்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டால் முன்கூட்டியே திகதி தரக்கூடும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு 0.6 முதல் 0.8 வரை பெரும்பாலும் போதும். 1.0 வரை சிலருக்குத் தேவைப்படும். 1.5ஐத் தாண்டினால் நஞ்சு ஏறுகிறது என்று அர்த்தம். ஆனால் இலக்கத்தை மட்டும் நம்பிக்கொண்டும் இருக்காதீர்கள், நீண்ட நாள் எடுப்பவருக்கு அதற்குக் கீழேயே நஞ்சுக் குறி காட்டலாம். அந்தக் குறிகள் எவை என்பதைக் கீழே சொல்கிறேன்.

மாமாவின் பயத்துக்கு வருவோம். அதை வெறும் கதை என்று தள்ள மாட்டேன். வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும், நீரிழிவும் பிரஷரும் இல்லாத கமக்காரருக்கே சிறுநீரகம் பழுதாகும் நோய் இருக்கிறது. அதைப் பக்கத்தில் பார்த்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். லித்தியமும் பத்து, பதினைந்து வருடம் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரக வேலையை மெதுவாகக் குறைக்கும். ஆனால் அது ஒரு நாளில் நடப்பதில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினினை இரத்தத்தில் பார்த்துக்கொண்டு வந்தால், பாதிப்பு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும், மருந்தை மாற்ற நேரம் இருக்கும். சிறுநீரகத்துக்குக் கூடிய கெடுதியைச் செய்வது பார்க்காமல் விட்ட பரிசோதனையும், அடிக்கடி நஞ்சளவுக்கு ஏறி இறங்குவதும்தான். லித்தியம் அளவு, கிரியேற்றினின், தைரொயிட், கல்சியம் இந்த நான்கையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். தைரொயிட் ஏன் என்று கேட்பீர்கள். லித்தியம் தைரொயிட்டை மந்தமாக்கக்கூடும். அப்போது ஆளுக்குச் சோர்வும் மனச்சோர்வும் வரும், வீட்டில் எல்லோரும் "மறுபடியும் பழைய வருத்தம்" என்று நினைப்பார்கள். தைரொயிட்டுக்கு ஒரு குளிசை கொடுத்தாலே அது போய்விடும், லித்தியத்தை விட வேண்டியதில்லை.

விடாயும் அடிக்கடி ஒன்றுக்குப் போவதும் லித்தியம் சிறுநீரகத்தில் செய்யும் வேலை. நீரைச் சேமிக்கும் ஆற்றலை அது குறைக்கிறது, அதனால் அதிகம் போகிறது, போவதால் விடாய்க்கிறது. இங்கே வீட்டார் ஒரு பிழை விடுவதுண்டு. "இரவில் எழும்பத்தானே செய்கிறான், தண்ணீரைக் குறை" என்பார்கள். குறைத்தால் உடம்பு வற்றி லித்தியம் ஏறும். விடாய்த்த அளவுக்குக் குடிக்கட்டும். குளிர்ப்பானம் வேண்டாம், தண்ணீரே போதும். மிகவும் தொந்தரவாக இருந்தால், மூன்று குளிசையையும் இரவில் ஒரே வேளையாக எடுக்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். பலருக்கு அது சிறுநீரகத்துக்கும் நல்லது, காலைக் குளிசைக் குழப்பமும் இல்லாமல் போகும். நீங்களாகவே மாற்ற வேண்டாம், மாற்றினால் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில்தான் விரதமும் வெயிலும் வந்து சேர்கின்றன. சிறுநீரகம் சோடியத்தையும் லித்தியத்தையும் ஏறத்தாழ ஒரே வழியில் நடத்துகிறது. உடம்பில் உப்புக் குறைந்தால் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும், அதோடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் மன எழுச்சிக்கு லித்தியம் வேலை செய்கிறது என்று எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில், உப்புக் கூடாது என்று சொல்லப்பட்ட இதய நோயாளர்களுக்கு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட்டை விற்றார்கள். உப்பே சாப்பிடாத உடம்பில் லித்தியம் தேங்கி, சிலர் இறந்தே போனார்கள். ஒரே ஆண்டில் ஒரே பொருள் இரண்டு விதமாகப் பேசப்பட்டது, உப்பையும் அளவையும் கவனிக்காவிட்டால் மருந்தே நஞ்சாகிவிடும்.

ஆகவே கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு, அல்லது இளநீரோடும் பாலோடும் இருப்பது தம்பிக்கு ஒத்துவராது. பகலில் ஒரு வேளை உப்புப் போட்ட சோறும் மரக்கறியும் சாப்பிட்டு, தண்ணீர் குறைக்காமல், குளிசையை விடாமல் இருக்கும் விரதமும் விரதந்தான். ஐயரிடம் கேட்டாலும் மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். விரதத்துக்காக நித்திரை முழிப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் இரண்டு இரவு நித்திரை கெட்டாலே எழுச்சியைக் கிளப்பிவிடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் இதே கதைதான். போய்வரட்டும், பகல் வெயிலில் நீண்ட தூரம் நடந்து போகாமல் வாகனத்தில் போகட்டும், இரவில் கொஞ்ச நேரமாவது படுக்கட்டும்.

வயலில் நிற்கும் நாட்களில் தண்ணீர்ப் போத்தலும், இடையில் உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ இருக்கட்டும். உப்பை அளவுக்கு மேல் அள்ளிப் போடவும் வேண்டாம், அப்படிச் செய்தால் லித்தியம் இறங்கிவிடும். வயல் வரம்பில் நீர் மட்டம் பார்க்கிறவருக்கு இது புரியும்: குறைந்தால் பயிர் காயும், கூடினால் அழுகும். ஒரே மாதிரியான சாப்பாடு, ஒரே மாதிரியான உப்பு, அவ்வளவுதான். கள்ளும் சாராயமும் உடம்பை வற்றவைக்கும், நித்திரையையும் குழப்பும். முற்றாக விட்டால் நல்லது, நான் அப்படித்தான் சொல்வேன்.

சத்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் வந்து சாப்பிடவும் குடிக்கவும் முடியாமல் போனால் கதை வேறு. அன்றைய வேளைக் குளிசையை மட்டும் தள்ளிவைத்து, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்) குடிக்கக் கொடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது "மருந்தை நிற்பாட்டுவது" ஆகாது, வைத்தியர் சொன்னதும் மறுபடி தொடங்க வேண்டும். சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அது நேரே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது, தாக்கினால் லித்தியத்துக்கு வெளியே போக வழியில்லை. வயல் வேலை, லித்தியம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நஞ்சு ஏறுவதன் குறிகள்: இலேசான விரல் நடுக்கம் கை முழுக்க உதறலாக மாறுவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, அளவுக்கு மீறிய நித்திரை மயக்கம், சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வருவது, குழப்பம், வலிப்பு. குடித்துவிட்டு ஆடுகிறான் என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். அதை நம்பிப் படுக்கவைக்க வேண்டாம். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுபோங்கள், குளிசைப் பெட்டியும் கொப்பியும் கையோடு.

இப்போது இருக்கும் நடுக்கம், தேநீர்க் கோப்பை பிடிக்கும்போது தெரியும் அளவானதென்றால், பயப்பட வேண்டியதில்லை. ஒரு நாளில் எத்தனை பிளேன்ரீ, எத்தனை கோப்பி என்று பாருங்கள், மெதுவாகக் கொஞ்சம் குறைக்கலாம். தேவைப்பட்டால் புரோப்பிரனலோல் தரலாம், ஆஸ்துமா இருந்தால் தரமாட்டார்கள்.

உண்மையிலேயே லித்தியம் ஒத்துவரவில்லை, அல்லது கிரியேற்றினின் ஏறுகிறது என்றால், வல்புரோயேட், குவெற்றியபின், ஒலான்சபின், லமோட்ரிஜின் என்று வேறு வழிகள் உண்டு. அவற்றுக்கும் தங்கள் தங்கள் தொல்லை இருக்கிறது. ஒலான்சபின் உடம்பை வைக்கச் செய்யும், சீனியையும் ஏற்றும். மாற்றுவதென்றால் லித்தியத்தைக் குறைந்தது நான்கு வாரமாவது, முடிந்தால் மூன்று மாதம் எடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். தம்பி மறுபடி சோர்ந்து போனால், வேறொருவரின் மனச்சோர்வுக் குளிசையை வாங்கிக் கொடுக்க வேண்டாம். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அதைத் தனியே கொடுத்தால் எழுச்சி கிளம்பலாம்.

மாமாவையும் தம்பியையும் ஒரு நாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கிரியேற்றினின் முடிவை மாமா தன் கண்ணாலேயே பார்க்கட்டும். நிற்பாட்டச் சொன்னவரே பிறகு குளிசை போட்டாயா என்று கேட்கத் தொடங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தம்பி சாவைப் பற்றிப் பேசினாலோ, நித்திரை இல்லாமல் இரண்டு இரவு போனாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரவில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவிச் சேவை, தமிழிலும் பேசலாம். ஒரு வேளைக் குளிசை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம், மறந்தது போகட்டும், வழக்கமான அளவையே போடட்டும்.